வாசியில்லாக் காசு



சோழநாட்டுத் திருவீழிமிழலையிலே திருநாவுக்கரசு சுவாமிகளும் திருஞானசம்பந்தமூர்த்தி சுவாமிகளும் எழுந்தருளியிருந்த காலத்தில் மழை பொய்த்து, நாட்டில் கொடிய பஞ்சம் வந்தது. அடியார் கூட்டம் பசியால் வாடுவதைக் கண்டு இரு பெருமக்களும் மனம் நொந்தனர். வீழிநாதர் கனவிலே தோன்றி, பஞ்சம் தீருமளவும் உங்கள் இருவருக்கும் நாடோறும் ஒவ்வொரு பொற்காசு தருவோம் என்று திருவாய்மலர்ந்தருளினார். அதன் பிரகாரம் கோயிலின் கிழக்குப் பீடத்தில் ஒன்றும் மேற்குப் பீடத்தில் ஒன்றுமாகக் காலைதோறும் காசு இருந்தது. இருவர் திருமடத்தாரும் அதைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பண்டம் வாங்கி, அமுது சமைத்து, பறையறைந்து அழைத்து உண்பித்தார்கள். படிக்காசு அருளிய இவ்வரலாறு பெரியபுராணத்தில் உள்ளது. குருபூசைதோறும் சொல்லப்படுவதால் சிறு பிள்ளைகளும் அறிவர்.

ஆனால் அவ்வரலாற்றிலே சொற்பொழிவாளர் பலரும் விரைந்து கடந்துபோகும் ஓரிடம் உண்டு. அப்பர் சுவாமிகளின் மடத்தில் உரிய வேளைக்குப் பந்தி நடந்தது. சம்பந்தர் மடத்திலோ பொழுது சாய்ந்த பின்னரே இலை போட முடிந்தது. இரண்டு மடத்திற்கும் ஒரே இறைவன் தந்த காசு. ஒரே ஊர்க் கடை. பிள்ளையார் தமது மடத்தில் அமுது சமைப்போரை அழைத்துக் காரணம் கேட்டார். "சுவாமி, தாங்கள் பெறும் காசுக்குக் கடைக்காரர் வாசி கேட்கின்றனர். அப்பமூர்த்திகள் பெறும் காசை வாசியின்றி உடனே வாங்கிக்கொள்கின்றனர்" என்று அவர்கள் விண்ணப்பித்தனர். வாசி என்பது காசின் மாற்றுக் குறைவுக்காகக் கழிக்கும் வட்டம். பழைய நகையை நகைக்கடையில் விற்கப் போனவர்களுக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை.

அப்பர் சுவாமிகள் உழவாரப் படை ஏந்தித் தம் திருமேனி வருந்தக் கைத்தொண்டு செய்தவர்; ஆகவே அவருக்கு வாசியில்லாக் காசு கிடைத்தது என்று பெரியோர் காரணம் கூறுவர். பிள்ளையார் பதிகம் பாடி வேண்ட, மறுநாள் முதல் அவரது காசும் மாற்றுக் குறையாததாயிற்று. சமையலும் வேளைக்கு முடிந்தது.

அந்த வாசியால் நட்டப்பட்டவர் யார் என்று ஆராய்ந்து பார்க்க வேண்டும். கடைக்காரர் நட்டப்படவில்லை. சம்பந்தரும் தமக்கென்று எதையும் இழக்கவில்லை. மடத்து வாசலிலே நண்பகல் முதல் அந்திவரை இலைக்குக் காத்திருந்தவனின் வயிற்றிலிருந்துதான் அந்த வாசி கழிக்கப்பட்டது. கடவுளே கொடுத்த நிவாரணமாயினும் அது கைமாறிக் கைமாறிப் பசித்தவனிடம் வந்துசேரும் வழியில் குறைந்துபோகக் கூடும் என்பதைச் சேக்கிழார் பெருமான் மறைக்காமல் எழுதிவைத்தார். அவர் அரசசபையில் அமைச்சராயிருந்து கணக்கு வழக்கு அறிந்தவர் அல்லவா!

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, மார்கழிப் பூரணை. கோயில்களில் திருவெம்பாவைக் காலம். அதிகாலைப் பூசை கண்டு, அவலும் கடலையும் கையிலேந்திச் சனங்கள் வீடு திரும்பியிருந்தனர். போயா விடுமுறையாதலால் அரசாங்கக் கந்தோர்கள் பூட்டிக் கிடந்தன. காலை 7 மணிக்குச் சற்று முன்னர், சுமாத்திராவின் வடமேற்குக் கரைக்கப்பால், கடலடியில் 9.1 அளவான நிலநடுக்கம் ஏற்பட்டது. கல்முனைக் கரையிலிருந்து அவ்விடம் ஏறக்குறைய 1,600 கிலோமீற்றர். அந்நாளில் இந்து சமுத்திரத்திற்கு எச்சரிக்கை ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. இரண்டு மணித்தியாலம் முடிவதற்குள் கடல் ஊருக்குள் வந்தது. இலங்கை முழுவதிலும் இறந்தும் காணாமலும் போனோர் 35,000 பேருக்கு மேல். வீடிழந்து இடம்பெயர்ந்தோர் ஐந்து இலட்சம். மாவட்டங்களுள் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை. இங்கு மட்டும் 10,000 பேருக்கு மேல். அவர்களுள் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது முதலிய ஊர்களின் முஸ்லிம் மக்கள் பெருந்தொகையினர்.

இக்கரையின் அமைப்பை வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்ல வேண்டும். கிழக்கே கடல், மேற்கே கரைவாகு வயல்வெளி, நடுவே ஒடுங்கிய மணற்றிடல். பிரதான வீதி அதன்மீது நெடுக ஓடுகிறது. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தமிழூரும் முஸ்லிமூரும் மாலையில் இருவகைப் பூவை மாற்றி மாற்றித் தொடுத்தாற்போல் வரும். ஒரு வீட்டுக் கூரையிலிருந்து அடுத்த வீட்டுக் கூரைக்குப் பூனை தாவும் நெருக்கம். பிட்டும் தேங்காய்ப்பூவும் என்று இரு சமூகத்தாரையும் சொல்வது பழைய வழக்கு. இருவரும் பேசுவது ஒரே தமிழ். குடி முறையும் தாய்வழியும் இரு சாராருக்கும் உண்டு. அதே வேளை 1985இலும் 1990இலும் இக்கரையில் நடந்தவற்றையும், அவற்றால் இரு பக்கத்திலும் ஆறாத புண்ணோடு இருக்கும் குடும்பங்களையும் மறைத்துப் பேசினால் இந்தச் சொற்பொழிவு பொய்யாகிவிடும்.

அலை வந்தபோது தப்பியவர்கள் மேற்கே ஓடினர். எது கோயில், எது பள்ளிவாசல், எது பாடசாலை என்று யாரும் பார்க்கவில்லை. கூரையுள்ள இடத்தில் ஏறி நின்றனர். அன்று மாலை எந்த அரசாங்கமும் எந்த வெளிநாட்டு நிறுவனமும் வந்து சேரவில்லை. முதலாவது சோறு அயலூர் அடுப்புகளிலிருந்துதான் வந்தது. திருவிழா அன்னதானத்திற்காகக் கோயில்களில் இருந்த கிடாரங்களும், கந்தூரிக்காகப் பள்ளிவாசல்களில் இருந்த பானைகளும் ஒரே காரியத்திற்காக அடுப்பேறின.

அந்த நாட்களைப் பற்றி முதியோர் சொல்லிவரும் சம்பவம் ஒன்று. வயலோரத்துச் சிறு கோயிலொன்றில் வண்ணக்கர் ஐயா களஞ்சியத்தைத் திறந்து, திருவெம்பாவைப் பூசைக்கென இருந்த அரிசியை உலையேற்றச் சொன்னார். பக்கத்துப் பாடசாலையில் தங்கியிருந்தோருள் பெரும்பாலோர் முஸ்லிம் குடும்பங்கள். அவர்கள் சார்பில் சோறு வாங்கிப்போக வந்த முதியவர் கிடாரத்தின் அருகே தயங்கி நின்றார். கேட்பதற்கும் கூச்சம், கேட்காமல் கொண்டுபோகவும் மனமில்லை.

"என்ன காக்கா, யோசிக்கிறீங்க?" என்றார் வண்ணக்கர்.

"குறை நினைக்காதீங்க ஐயா. இது... சாமிக்குப் படைச்சதா?"

"இல்ல காக்கா. சாமிக்குச் சின்னப் பானையில வேற வெச்சாச்சு. இது புள்ளையளுக்கெண்டே உலை வெச்சது. கறியும் மரக்கறிதான். பயமில்லாமக் கொண்டு போங்க."

முதியவர் ஒன்றும் பேசவில்லை. கிடாரத்தின் ஒரு காதை அவர் பிடிக்க, மறு காதைக் கோயில் இளைஞன் ஒருவன் பிடித்துக்கொண்டான்.

இங்கே ஒரு சாத்திரக் கேள்வி எழும். ஆலயத்திலே பொங்கிய சோற்றை நைவேத்தியம் செய்யாமல் வெளியே அனுப்பலாமா? அன்றே ஓரிருவர் இதைக் கேட்டிருப்பர். மகேசுர பூசை என்று சைவம் வகுத்திருக்கிறதே, அதன் கருத்து என்ன? உண்ண வந்தவனைச் சிவமாகப் பாவித்து அவனுக்கு அமுது படைப்பது. இலையின் முன் உட்கார்ந்திருப்பவனே மூர்த்தியானால், அவனுக்கு இடும் சோறு நைவேத்தியமன்றி வேறென்ன? பிரசாதமென்று நெற்றியில் திருநீறு இட்டுத்தான் கொடுப்போம் என்று அந்த வண்ணக்கர் வற்புறுத்தியிருந்தால், பசித்த பிள்ளை தன் மார்க்கத்தை விடுவதா சோற்றை விடுவதா என்று கணக்குப் பார்க்க வேண்டி வந்திருக்கும். அது சம்பந்தர் மடத்தில் கழிந்த வாசியைவிடப் பெரிய வாசி. சுனாமிக்குப் பிந்திய மாதங்களில் உதவிப் பொதியோடு வேதப் பிரசுரங்களையும் வைத்துக் கொடுத்த சில குழுக்கள்மீது இந்துக்களும் முஸ்லிம்களும் பௌத்தர்களும் ஒரேவிதமாக மனவருத்தம் கொண்டனர். பிறர் செய்தபோது நோவு தந்த ஒன்றைச் சைவர் தாங்கள் செய்யாதிருந்தது நன்று.

மற்றொரு தடையும் இருந்தது. அதைப் பற்றி வெளிப்படையாக எழுதுவோர் குறைவு. இடம்பெயர்ந்து வந்தோர் அத்தனைபேரும் துடக்குக்காரர். ஒரு வீட்டில் ஒருவர், இன்னொரு வீட்டில் ஐந்துபேர் என்று இறந்திருந்தனர். உடல்கள் கிடைக்காததால் கிரியையும் நடக்கவில்லை. அவர்களை மண்டபத்தில் ஏற்றலாமா? ஏற்றினால் நித்திய பூசை என்னாவது? பல கோயில்களில் கருவறைக் கதவைச் சாத்தி, வெளி மண்டபத்தைத் திறந்துவிட்டனர். பிறகு ஊர் அடங்கியதும் புண்ணியாகவாசனமும் சம்புரோட்சணமும் பிராயச்சித்த அபிஷேகமும் செய்து பூசையைத் தொடங்கினர். தீட்டுக்கு ஆகமம் பரிகாரம் வகுத்திருக்கிறது. இரவில் நனைந்து வந்த தாயையும் பிள்ளையையும் வாசலிலிருந்து திருப்பி அனுப்பியதற்கு இன்ன பரிகாரம் என்று எந்தக் குருக்களும் சொல்லக் கேட்டதில்லை.

முதல் வாரத்துக்குப் பின்னர் உதவி வந்தது. லொறி லொறியாக வந்தது. வாசியும் அப்போதுதான் தொடங்கியது எனலாம். பழைய உடுப்பு மூட்டைகள் வீதியோரம் மழையில் நனைந்து புழுத்துக் கிடந்ததைக் கண்டவர் பலர். கொழும்பிலும் வெளிநாட்டிலும் அலுமாரியைத் துப்புரவு செய்தவர்கள் தானம் செய்ததாகத் திருப்திப்பட்டனர். பின்னர் நிவாரண அட்டை, இடாப்பு, கையெழுத்து. ஒரு நபருக்கு வாரத்துக்கு 375 ரூபா பெறுமதியான பணமும் உலருணவும், குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபா என்று அரசாங்கம் அறிவித்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அட்டை எழுதுவதற்கு அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டையோ கடலோடு போயிற்று. பெயர் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் ஒரு கிழமை காத்திருக்க வேண்டும். இடாப்பு எழுதும் உத்தியோகத்தரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுள்ளும் வீட்டையும் பிள்ளையையும் இழந்தவர்கள் உண்டு. ஒழுங்கில்லாமல் கொடுத்தால் கைப்பலம் உள்ளவன் இரண்டு மூட்டையும் விதவை ஒன்றுமில்லாமலும் போவர். ஒழுங்கு என்று வந்தால் தாமதமும் கூடவே வரும். இடாப்பை எழுதுபவன் அதிலுள்ள ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னாலும் ஓர் அடுப்பு எரிகிறதா அணைந்திருக்கிறதா என்று நினைத்து எழுதினால் வாசி கொஞ்சம் குறையும். பேனாவாலும் கைத்தொண்டு செய்யலாம்.

இக்கரையில் வீடென்பது பெண்ணின் சொத்து. தகப்பனும் அண்ணனும் பாடுபட்டு மகளுக்கு வீடு கட்டிச் சீதனமாக எழுதிக் கொடுப்பர். மருமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வான். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இதுவே நடைமுறை. சுனாமியில் இடிந்தவை பெரும்பாலும் இத்தகைய சீதன வீடுகள். ஆனால் நட்டஈடும் புதுவீட்டுப் பத்திரமும் குடும்பத் தலைவர் என்று ஆணின் பெயரிலேயே பல இடங்களில் எழுதப்பட்டன. பெண்ணுக்குப் போனது தாய் கொடுத்த வீடு. வந்தது கணவன் பெயரில் ஒரு வீடு. நல்லெண்ணத்தோடு படிவம் தயாரித்த யாரோ ஒருவர் இவ்வூர் வழமையை ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் இது நேர்ந்திராது. பெண் அமைப்புகள் கிழக்கில் இதை எடுத்துப் பேசிய பின்னரே பலருக்கு விளங்கிற்று.

கடற்கரையிலிருந்து வடக்கு கிழக்கில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்ற கட்டளையும் வந்தது. மற்றைய பகுதிகளில் அது 100 மீற்றர். அகலமே சிறிதான கல்முனைக் கரையில் 200 மீற்றரை விட்டால் மிச்சம் எவ்வளவு? மாற்றுக் காணிக்கு வயலை நிரப்ப வேண்டும். நிரப்பினால் மாரி வெள்ளம் எங்கே போகும்? இக்கட்டளை பின்னர் தளர்த்தப்பட்டது. மருதமுனையில் ஒரு வீட்டுத்திட்டத்திற்கே 65 மீற்றர் என்று பெயர் நிலைத்துவிட்டது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியால் எழுந்த 500 வீடுகளோ, யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கிலும் பிணக்கிலும் பல்லாண்டு பூட்டிக்கிடந்தன. பற்றை மூடிய அந்த வாசல்களைக் கடந்து போனவர்களுக்கு, காசு பீடத்திலேயே கிடந்து கடைக்கு வராமற் போனால் எப்படியிருக்கும் என்று தெரிந்திருக்கும்.

கிணற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடல்நீர் புகுந்த கிணறுகளைத் துப்புரவாக்க இளைஞர்களும் நிறுவனங்களும் இயந்திரம் வைத்து இறைத்தனர். ஒருமுறை இறைத்துச் சேற்றை அகற்றியது சரி. உப்புக் குறையவில்லையென்று ஆர்வத்தில் திரும்பத் திரும்ப இறைத்தபோது, மணலின் கீழே படிந்திருந்த உவர்நீர் மேலேறி, கிழக்குக் கரையில் பல கிணறுகள் முன்னையிலும் கெட்டன. மாரிமழை பெய்து ஊறித்தான் அவை மெல்லமெல்லத் தெளிந்தன. தொண்டுக்கு உடம்பு வருந்தினால் மட்டும் போதாது. நிலத்தின் குணம் அறிந்தவனையும் கேட்க வேண்டும் என்பதற்கு இது சாட்சி. அப்பர் சுவாமிகள் உழவாரத்தைப் பிடித்தபோதும் புல்லைச் செதுக்கினாரேயன்றித் திருவீதியை அகழவில்லை.

காஞ்சிபுரத்தில் காமாட்சி அம்மையார் இருநாழி நெல்லைக் கொண்டு முப்பத்திரண்டு அறங்களைச் செய்தார் என்பது சைவ மரபு. அவ்வறங்களின் பட்டியலை இன்று யாரும் முழுவதாகச் சொல்வதில்லை. அதில் அன்னமிடுவது பலவற்றுள் ஒன்று. நோய்க்கு மருந்து உண்டு. தாயிழந்த குழந்தைக்குப் பால் வார்த்தல் உண்டு. அறவைப் பிணஞ்சுடுதல் உண்டு. அதாவது கேட்பாரற்ற உடலை அடக்கஞ்செய்தல். டிசெம்பர் 26க்குப் பிந்திய நாட்களில் முகந்தெரியாத உடல்களை மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு தூக்கிச் சுமந்து குழி வெட்டிய இளைஞர்கள், இரு சமூகத்தவரும், இந்த அறத்தைத்தான் செய்தனர். அவர்களுட் பலர் அதன் பெயரை அறிந்திருக்கமாட்டார்கள். இப்பட்டியலில் இன்னும் வியப்பானவை உண்டு. தலைக்கு எண்ணெய். கண்ணாடி. காதோலை. வண்ணார், நாவிதர் சேவை. பசித்தவனுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி எதற்கு என்று ஒருவர் சிரிக்கலாம். அகதி முகாமில் மூன்று கிழமை இருந்த பெண்ணைக் கேட்டால் தெரியும். அரிசி வந்தது, பருப்பு வந்தது; தலைவார ஒரு சீப்பும், ஒரு போத்தல் தேங்காயெண்ணெயும், மறைவாக உடுப்பு மாற்ற ஒரு தட்டியும், மாதாந்தத் தேவைக்கான துணியும் கேட்பதற்கு அவளுக்கு நா எழவில்லை. வரிசையில் நின்று சோறு வாங்கியவள் முதல் நாள்வரை பத்துப்பேருக்குச் சோறு போட்டவள். மனிதன் மனிதனாக இருப்பதற்கு எவை வேண்டும் என்று அந்தப் பழைய பெரியோர் வயிற்றுக்கு அப்பாலும் யோசித்திருக்கின்றனர்.

அதே பட்டியலில் அறுசமயத்தார்க்கும் உண்டி கொடுத்தல் என்று ஓர் அறம் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட ஆட்சேபத்திற்கு மறுமொழியாக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. திருவீழிமிழலையில் பறையறைந்து அழைத்தது சிவனடியார்களையல்லவா, மாற்றுச் சமயத்தாரையா என்று கேட்போர் உளர். அடியாரை அழைத்ததாகவே புராணம் பேசுகிறது, மறுப்பதற்கில்லை. ஆயினும் அப்பூதியடிகள் நாயனார் திங்களூர் வீதியிலே நாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்தாரே, அதில் நீர் வாங்கிக் குடித்த வழிப்போக்கனிடம் சமயம் கேட்டதாகக் கதையில்லை. தாகம் தீர்ந்த பின்னர் பந்தலில் எழுதியிருந்த பெயரைப் படித்து அது யாரென்று அவன் கேட்டிருக்கலாம். தண்ணீர் முதலில், பெயர் பிறகு.

இன்னும் கடினமான ஆட்சேபமும் உண்டு. எங்களுக்குத் தீங்கு செய்தவர்களின் ஊருக்கு நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்று இரு பக்கத்திலும் சிலர் கேட்பர். இழப்பைக் கண்ட குடும்பம் அப்படிக் கேட்கும்போது அவர்களுக்கு உபதேசம் பண்ணுவது எளிது, அது முறையன்று. அவர்கள் கொடுக்காமலிருக்க உரிமையுள்ளவர்கள். ஆனால் கோயில் என்பது ஒரு குடும்பமன்று. அதன் களஞ்சியத்து நெல் ஒருவருடைய கோபத்துக்கும் சொந்தமானதன்று. வண்ணக்கர் திறப்பை வைத்திருக்கிறார், அவ்வளவே.

1898இல் கல்கத்தாவில் கொள்ளைநோய் பரவியபோது சுவாமி விவேகானந்தர் நிவாரண வேலையைத் தொடங்கினார். பணத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, தேவையானால் மடத்துக்கென்று புதிதாக வாங்கிய காணியை விற்போம் என்றார். விற்க வேண்டிய நிலை வரவில்லை. ஆனால் விற்கத் துணிந்தார் என்பது கவனிக்கத்தக்கது. அவர் வழிவந்த இராமகிருஷ்ண மிஷனைக் கிழக்கிலங்கையில் பாடசாலைகள் மூலம் வேரூன்றச் செய்த சுவாமி விபுலாநந்தர் இக்கரையின் காரைதீவிலேயே பிறந்தவர். எனவே இது எங்கோ வங்காளத்துக் கதையென்று ஒதுக்கிவிட முடியாது.

இருபது ஆண்டுகள் கழிந்துவிட்டன. 2024 நவம்பர் 26ஆந் திகதி பெருமழையில், காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில் வீதியை மூடிப் பாய்ந்த வெள்ளம், மதரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை அடித்துச் சென்றது. அப்பிள்ளைகளிற் சிலர் திரும்பவில்லை. மறு ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து மலைநாட்டிலே மண்சரிந்து, நாடெங்கும் 600 பேருக்கு மேல் மாண்டனர். லயக் காம்பராக்களை இழந்து தோட்ட மக்கள் பாடசாலைகளில் தங்கினர். கடலோரத்து மக்களுக்கு மலை தூரந்தான். ஆனாலும் 2004இல் இக்கரைக்கு முதலில் வந்த அரிசி மூட்டைகளுள் எத்தனையோ முகந்தெரியாத ஊர்களிலிருந்து வந்தவை. பெறுகிறபோது தூரம் தெரியவில்லை.

திருவிழாச் செலவுக்கென்று சேர்த்த பணத்தில் கைவைக்கலாமா, மதில் கட்டுவதை ஒரு வருடம் தள்ளலாமா என்று கோயில்தோறும் இப்போதும் பேச்சு நடக்கிறது. பேசட்டும். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு விளக்குக்கு எண்ணெயில்லாமல் இருட்டில் வைக்கும்படி அம்பாள் கேட்கவில்லை. ஆனால் கொடுப்பது என்று முடிவான பின் தாமதிக்கக்கூடாது. பொதியின்மேல் உபயகாரர் பெயரைப் பெரிதாக எழுதுவதும், வாங்குகிறவள் தலை கவிழ்ந்து நிற்க நிழற்படம் எடுப்பதும் வாசிதான். அந்தப் படத்தை அவளுடைய பிள்ளை வளர்ந்து ஒருநாள் பார்க்கக்கூடும்.

அந்த வயலோரக் கோயிலின் கிடாரம் பாடசாலையிலேயே இருந்தது. அயலூரிலிருந்து சமைத்த சோறு வரத்தொடங்கியபின் அதை யாரும் கேட்கவில்லை. கேட்க மறந்தும் போயினர். 2005 தைப்பொங்கலுக்கு முதல்நாள் மாட்டுவண்டியொன்று கோயில் வாசலில் வந்து நின்றது. சாம்பலும் தும்பும் போட்டு அடிக்கரியெல்லாம் போகத் தேய்த்த கிடாரம். அதற்குள் அரை மூட்டை அரிசியும் பத்துப் பன்னிரண்டு தேங்காயும். கொண்டுவந்தவர் அந்த முதியவரே. அவருடைய பேத்தி இருவர் அலையோடு போனவர்கள் என்று வண்டிக்காரன் பிறகு சொன்னான்.

"இதென்ன காக்கா, எதுக்கு இதெல்லாம்?" என்றார் வண்ணக்கர்.

"கோயிலுக்கெண்டு நினைக்காதீங்க ஐயா. உங்கட மண்டபத்திலயும் புள்ளையள் இருக்கெண்டு கேள்விப்பட்ட. கிடாரத்த வெறுமையா அனுப்ப எங்கட பொண்டுகளுக்கு மனசில்ல."

வண்ணக்கர் இறக்கி வைக்கச் சொன்னார். பின்னர் உள்ளே போய்க் கணக்குக் கொப்பியை எடுத்தார். பொங்கல் வரவு எழுதும் பக்கத்தைத் தாண்டி, தனியாக நிவாரண வரவு என்று கோடு கீறியிருந்த பக்கத்தில், அரிசி அரை மூட்டை, தேங்காய் 12, கிடாரம் 1 திரும்பியது என்று எழுதினார். தந்தவர் பெயர் என்ற இடத்தில் சற்று நிறுத்தி, வாசலுக்கு வந்து பெயரைக் கேட்டார். முதியவர் வண்டியில் ஏறிவிட்டார். பள்ளிக்கூடத்துப் பொண்டுகள் என்று எழுதினாற் போதும் என்றார்.